மிக்ஸர் மேல் ஒரு துண்டு

பாட்டு பொசுக்கென்று நின்றது.

ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள், தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் விழித்தார்கள்.

“பாத்தியா?” மகளின் காதருகே கேட்டாள் ஜோதியம்மாள். “இவர்கிட்டதான் கத்துக்கப் போறியா நீ?”

நந்தினிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டிஜே கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாசக்கணக்கில் நச்சரித்து, அம்மாவை இப்போதுதான் ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். அதுவும் லேசில் இல்லை.

“நீயே ஒருத்தரைச் சொல்லு. அவரு வேலை செய்யறத நான் கண்ணால பாக்கணும். எனக்குத் திருப்தியில்லன்னா இந்தப் பேச்சையே விட்டுட்டு பேங்க் கோச்சிங் போயிடணும்” என்று அம்மா சத்தியமே வாங்கியிருந்தாள்.

ரமணாசிரமம் பக்கம் மாறன் என்பவர் ஏசி ரூமில், கம்ப்யூட்டர் வைத்துச் சொல்லித் தருகிறார். சர்ட்டிபிகேட் உண்டு. அதை வேண்டாமென்று சொன்னதே நந்தினிதான். வேங்கிக்கால் சரவணகுமார் கல்யாணத்துக்குக் கல்யாணம் கூட்டிப்போய், கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்துக் கற்றுத் தருவாராம். வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று அவரே இந்தக் கீழ்பென்னாத்தூர் ரிசப்ஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்.

வந்து பார்த்தால் இந்த லட்சணம்.

சற்று முன்னால்தான் மனுஷன் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் பக்கம் போனார். பீடி பிடிக்கத்தான் போகிறார் என்று ஜோதியம்மாள் தீர்ப்பே எழுதிவிட்டாள். திரும்பி வந்த கையோடு பாட்டு போச்சு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“என்னாய்யா ஆச்சு?”

“மிக்ஸர் மக்கர் பண்ணுதுங்க. இதோ சரி பண்ணிடறேன்.”

“ஓட்டை மெஷினத் தூக்கினு வர்றதுக்கு எங்க வீட்டு விசேஷந்தான் கெடைச்சுதா?”

நண்பர்களில் ஒருவன் சரவணகுமாரின் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் ஸ்பீக்கரை எட்டி உதைத்தான். மேடையில் மணப்பெண் மிரண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரவணகுமார் சட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். மிக்ஸர் மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் கையை விட்டு எதையோ நோண்டிக்கொண்டே இருந்தார்.

“வேற செட்டு வருதான்னு கேக்கறேன். நான் வர்றதுக்குள்ள பாட்டு வரல, உன் பெட்டியெல்லாம் ரோட்டுல கெடக்கும்!” உறுமிவிட்டு போனோடு வாசலுக்குப் போனார் சக்கரபாணி. பின்னாலேயே அந்த நண்பர்கள் கூட்டமும் போனது.

“கெளம்பு” என்று கையைப் பிடித்து இழுத்தாள் ஜோதியம்மாள். “பாத்த வரைக்கும் போதும்.”

நந்தினிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னதான் கோளாறு என்றாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று விறுவிறுவென்று மேசைக்குப் போனாள். துண்டைத் தூக்கினாள். லைட்டெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

அதே பாட்டு. உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை மட்டும் அடியோடு இறக்கி வைத்திருந்தார்.

“மெஷின் நல்லாத்தானே ஓடுது! ஏன் சார் பொய் சொல்றீங்க?”

சரவணகுமாருக்கு முகம் வெளிறிவிட்டது.

“மெதுவா பேசும்மா. உனக்குப் புண்ணியமா போவும்.”

“எவ்ளோ பேரை ஏமாத்தறீங்க!” பின்னாலேயே வந்த ஜோதியம்மாள் பிடித்துக்கொண்டாள். “இருங்க, அவங்களைக் கூப்பிடறேன்.”

“அக்கா, ஒரு நிமிஷம். இதைப் பாத்துட்டுக் கூப்பிடுங்க.”

மேசைக்குப் பின்னாலிருந்த பின்வாசல் கதவை லேசாகத் திறந்தார்.

மண்டபத்துச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு வீடு. திறந்திருந்த ஜன்னலுக்குள் கட்டிலில் ஒரு மனிதர். நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் காதோடு போனைப் பிடித்தபடி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். “அப்பா... அப்பா...” என்று போனில் ஒரு பெண் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“காசியம்மாள்னு பேரு. பின்வாசல்ல வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. வீட்டுக்காரருக்கு மூச்சு இழுத்துக்கினு இருக்குது. வெளிநாட்டுல இருக்கிற பொண்ணு பேசுது. நம்ம சத்தத்துல அவர் காதுல விழலையாம்.”

நந்தினி ஹெட்போனைக் கீழே வைத்தாள்.

“இதைச் சொல்லியிருந்தா அவங்களே நிறுத்தச் சொல்லியிருப்பாங்களே சார்? எதுக்கு இத்தனை பேச்சு வாங்கறீங்க?”

“நிறுத்தியிருப்பாங்கம்மா. அப்புறம், ‘இவ காலெடுத்து வெச்ச நேரம், பக்கத்துலயே சாவு’ன்னு மேடையில நிக்கிற அந்தப் பொண்ணை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. மெஷின் ரிப்பேருன்னா என்னைத் திட்டறதோட போச்சு.”

 ஜோதியம்மாள் வாக்கப்பட்டு வந்த வாரம் மாமியார் வீட்டுக் கறவை மாடு செத்துப்போனது. இன்றைக்கும் வீட்டில் ஒரு சண்டை என்றால் அந்த மாடு எழுந்து வந்துவிடும்.

வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. சரவணகுமார் சட்டென்று கதவைச் சாத்தினார். நந்தினி துண்டை எடுத்து, லைட் வெளியே தெரியாதபடி மிக்ஸர் மேல் போட்டாள்.

“யோவ், இன்னுமா சரியாகல?” சக்கரபாணி கையை ஓங்கிக்கொண்டே வந்தார். “யார் இந்தப் பொண்ணு? மெஷினாண்ட இதுக்கு என்னா வேலை?”

ஜோதியம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“என் பொண்ணுங்க. இவர்கிட்டதான் டிஜே கத்துக்குது. இதுதான் தெரியாம எதையோ அமுக்கி மெஷினக் கெடுத்துடுச்சு. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க!”