கடல் பார்த்த வீடு

மச்சானைப் பேக்கரிக்காரர் கடைசியாக உயிரோடு பார்த்தது ரயில் நிலையத்தில்தான். அடைமழை. அந்த மழையிலும் மச்சான் தலையில் தேன் நிறத்தில் புத்தம்புது ஓலைத் தொப்பி.

"மழைக்குக் குடை பிடிப்பாங்க மச்சான். நீங்க வெயில் தொப்பி போட்டிருக்கீங்களே?"

"சிரிங்க மாப்பிள்ளை, நல்லா சிரிங்க. காலம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள டார்ச் அடிச்சே கண்ணு பூத்துப் போச்சு. இனிமே சாகிற வரைக்கும் வெயில்தான். நாலாவது மாடி. கடல் பார்த்த வீடு. கட்டில்ல படுத்தா அலை தெரியும்!"

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய வீடு அது. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கத்தினார்: "எனக்கப்புறம் அது தங்கச்சிக்குத்தான்!"

அதற்குப் பிறகு சாயங்காலமானால் தங்கைக்கு, அதாவது பேக்கரிக்காரரின் மனைவிக்கு, போன் வரும்.

"கடலைப் பார்த்துக்கிட்டேதான் பேசறேம்மா. சூரியன் உள்ள போறான். அடடா!"

பின்னால் அலைச் சத்தமும் கேட்கும்.

"ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போறோம்ணே" என்று அவள் ஆரம்பித்தால் மட்டும் பேச்சு மாறிவிடும். இப்ப வேணாம்மா, பெயிண்ட் அடிக்கிறாங்க. அடுத்த முறை கேட்டால், குழாய் ரிப்பேர். அதற்கடுத்த முறை மறுபடியும் பெயிண்ட்.

"எந்த ஊர்ல வருஷம் பூரா பெயிண்ட் அடிக்கிறாங்க?" என்பார் பேக்கரிக்காரர். "உங்கண்ணனுக்குக் கடலைப் பங்கு போட மனசில்லை."

ஒரு நாள் மச்சான் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இருவரும் ஓடி வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்த உடலை நேரே எடுத்துப்போய் அடக்கம் முடித்தார்கள். அங்கிருந்து கட்டடத்துக்கு வந்தபோது காவலாளி சாவியைக் கொடுத்தார்.

"தரைத்தளம். பின்பக்கம் கடைசிக் கதவு."

"நாலாவது மாடி இல்லையா?"

"இல்லீங்க. ஐயா இருந்தது கீழதான்."

பட்டப்பகலில் லைட்டைப் போட்டால்தான் கட்டில் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் மதில் சுவர். ஆணியில் அந்த ஓலைத் தொப்பி.

"வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வீட்ல தொப்பி எதுக்காம்?"

பேக்கரிக்காரர் ஜன்னலை அறைந்து சாத்தினார். மனைவிக்கு மூச்சிழுப்பு. குளிர் ஆகாது, வெயில் படுகிற இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி வெகு நாளாயிற்று. கடல் பார்த்த வீட்டை நம்பி, பேக்கரியை மகனிடம் விட்டுவிட்டு, துக்கத்துக்கு வந்தவர் மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "கூடப் பிறந்தவகிட்டயே கதை விட்டிருக்கானே. அழறதா திட்டறதான்னு தெரியலைங்க. அப்ப அந்த அலைச் சத்தம்?"

"ரெக்கார்ட் பண்ணி வெச்சிருப்பார்."

காவலாளி கதவைத் தட்டினார். "நாலாவது மாடி டீச்சர் உங்களைப் பார்க்கணுமாம். அவங்களால நடக்க முடியாது."

லிஃப்ட் ஓர் ஆட்டம், ஒரு முனகல் இல்லாமல் மேலே போனது. திறந்திருந்த கதவுக்குள் தரையெல்லாம் வெயில். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு முதியவள். பக்கத்தில் காலியாக ஒரு பிரம்பு நாற்காலி.

"வாங்க. ரொட்டிக்கார மாப்பிள்ளைதானே? உடம்பெல்லாம் மாவா இருப்பீங்கன்னு நினைச்சேன். உங்க வீட்டுச் சண்டையெல்லாம் எனக்கு அத்துப்படி. சாயங்காலம் இந்த நாற்காலியில உட்கார்ந்துதான் மனுஷன் தங்கச்சியோட பேசுவார். பேசி முடிக்கிற வரைக்கும் நான் தும்மக்கூடக் கூடாது."

"இங்கயா?" என்றாள் தங்கை.

"கீழ நீங்க பார்த்தது என் வீடும்மா. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவ நான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போனப்புறம் அந்த ரூம்ல கிடந்தேன். ராத்திரி ஊர் அடங்கினா அலை கேட்கும், தண்ணி தெரியாது. மேல வர லிஃப்ட் ஓடணுமே? அது துருப்பிடிச்சு நின்னு எத்தனையோ வருஷம். உங்கண்ணன் குடி வந்தார், என்னைப் பார்த்தார். இனிமே குழிக்குள்ள இறங்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தவராம். மறுநாளே ஸ்பானரோட இறங்கிட்டார். லிஃப்ட் ஓடுச்சு. அதுல முதல்ல ஏறினது என் சக்கர நாற்காலி. வீட்டை மாத்திக்கலாம் டீச்சர்னார்."

"அப்ப நாங்க வரோம்னப்பல்லாம்..."

"பெயிண்ட் அடிச்சார்! 'தங்கச்சி வந்து பார்த்தா அழுவா, என்னை மேல ஏத்திட்டு உங்களைக் கீழ இறக்கிடுவா டீச்சர்'னு பயந்தார்."

பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெயிலுக்காகத்தானே இந்த ஊருக்கே வந்தார்?"

"நானும் கேட்டேன். 'வெயில் தெருவுல கொட்டிக் கிடக்கு டீச்சர். கால் இருக்கிறவன் போய் அள்ளிக்கலாம்'னார்."

டீச்சர் சக்கர நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"இது அவர் வாங்கின வீடு. இப்ப உங்களுது. ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே கீழ போயிடறேன். லிஃப்ட்தான் ஓடுதே."

பேக்கரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வெயில். கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்து விட்டாள். அவர் இந்த ஒன்றுக்காகத்தான் அவளை இத்தனை தூரம் கூட்டி வந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"எங்களுக்குக் கால் இருக்கு டீச்சர்" என்றாள். "பக்கத்துல இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா?"

கீழே வந்ததும் பேக்கரிக்காரர் லைட்டைப் போட்டு, ஆணியிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

தேன் நிற ஓலை வெயிலில் காய்ந்து காய்ந்து உப்பு நிறத்துக்கு வெளுத்துப் போயிருந்தது.