இடம் மாறிய குறிப்பு

உடுப்பிட்டிக் கனகலிங்கத்தின் மரணம் மறுபடியும் தோல்வியில் முடிந்தது. தர்சிகாவின் கணினித் திரை முழுக்கச் சிவப்பு.

மரண அறிவித்தல் இணையத்தளத்தின் புதிய மென்பொருளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அவருடைய அறிவித்தலுக்குப் பழையது தந்த கோப்பையும் புதியது தந்ததையும் தானியங்கிச் சோதனை வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றல்ல என்று அடம்பிடித்தது. இன்று புதியது ஓடாவிட்டால் அவளுடைய வேலை நிரந்தரமாகாது.

"என்ன பிள்ளை பிழை?" மேலாளர் கொலின்ஸ் எட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் குறையேல்லை அண்ணை. ஒரு குறிப்பு மட்டும் ஒரு பேர் தள்ளிக் கீழை இறங்கிக் கிடக்கு. வரிசையைப் பாக்காமல் ஒப்பிடு எண்டு சோதனையை மாத்தட்டோ?"

"பிள்ளையளின்ரை பேர் மூப்புப்படி கிடக்கோ? தம்பியின்ரை பேர் முன்னுக்கு வந்தாலே எங்கடை சனம் சாகுமட்டும் முகம் பாக்காது."

தர்சிகா பெயர்களைத் திரையில் விரல் வைத்துப் படித்தாள். எப்போதோ தவறிப்போன மூத்தவர் ஜெயரூபன், லண்டனில் இருக்கும் சிவரூபன், கடைக்குட்டி உதயகலா. மூப்பு சரியாகவே இருந்தது.

"ஓம் அண்ணை, சரி."

"அப்ப மாத்தும்."

மாற்றினாள். திரை பச்சையானது. அறிவித்தலும் இணையத்தில் ஏறியது. அப்பாடா என்று அவள் தேநீரை எடுத்தபோது தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, கனகலிங்கத்தாரின்ரை அறிவித்தல் போட்டது நீங்களோ?" ஓர் ஆண் குரல் கேட்டது. "இப்பத்தான் பிளேனாலை இறங்கிப் போனைத் திறந்தனான். உங்கடை அறிவித்தலைப் பாத்திட்டு அம்மா செத்தவீட்டிலை மயங்கி விழுந்திட்டாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகினம்."

தர்சிகா அவசரமாகத் திரையில் அறிவித்தலைத் தேடினாள். "ஐயோ, பேர் ஒழுங்கு மாறிப் போச்சோ ஐயா?"

"பேரெல்லாம் மூப்புப்படிதான் கிடக்கு."

"அப்ப என்ன பிழை? நீங்கள் ஆர் கதைக்கிறியள்?"



"காலஞ்சென்ற சிவரூபன்."