மணி கேட்டால்தான்

பூஜையறை வெண்கல மணிக்கும் சுக்கு என்ற நாய்க்கும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். சுக்கு குட்டியாக இருந்தபோது, காலையில் மணி அடித்த கையோடு அம்மா அதைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவாள். மணி கேட்டால்தான் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று அதற்குப் பழகிவிட்டது.

அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். வெயில் ஏறியும் எழவில்லை.

"கதவு திறந்துதானே கிடக்கு, போயேன்டா" என்றது மணி.

"நீ இன்னும் கூப்பிடலையே" என்று நெளிந்தது சுக்கு.

"அடேயப்பா! குட்டியில எனக்கு நேர் கீழேயே எத்தனை குளம் கட்டினே! பிள்ளைங்க பள்ளிக்கூடப் பையோட தாண்டிக் குதிப்பாங்களே."

"அப்போ துடைக்க வீடு நிறைய ஆள் இருந்துச்சு. இப்போ அம்மா ஒருத்திதானே."

முனகல் கேட்டு அம்மா சுவரைப் பிடித்தபடி வந்தாள். குளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை.

"முருகா, நீ கொஞ்சம் பொறுத்துக்கோ. இவனால முடியாது" என்று மணியை அடித்தாள்.