அந்தோணியாருக்கு இரண்டாவது குழந்தை

“கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடினார்கள்.

பெண்ணின் அம்மா, புனிதர் சிலைகள் விற்கும் சுரூபக் கடைக் கல்லாவிலேயே தலை நரைத்தவள்; அவளுக்கு இதற்கு அர்த்தம் தெரியாதா? சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இறங்கிப்போன எந்த வாடிக்கையாளர் திரும்பி வந்திருக்கிறார்?

அவளுக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை. அந்தோணியார்மேல்.

கணவன் மரத்தில் செதுக்கும் அந்தோணியார்களின் கையிலிருக்கும் குழந்தை இயேசு தனியாகக் கழன்று வரும். கலைநயம் ஒன்றுமில்லை, வியாபாரம். குழந்தையைப் பிடுங்கி ஒளித்துவைத்தால், அதை மீட்கவாவது புனிதர் ஓடியாடி வரன் பார்ப்பார் என்பது பெண்ணைப் பெற்றவர்களின் பக்தி.

அவளும் தன் வீட்டு அந்தோணியாரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி மாவு டப்பாவில் ஒளித்தாள். அது போதாதென்று அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பியும் நிறுத்தினாள். மகளுக்கு வயது ஏறியதுதான் மிச்சம். புனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

இன்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று, தோளைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினாள்.

அந்தோணியார் கையில் குழந்தை இருந்தது.

முழங்கால் தானாக மடங்கியது. புனிதர் செய்த புதுமை, அற்புதம்! மறுகணமே, இந்தச் சேதி பரவினால் கடை வாசலில் எவ்வளவு கூட்டம் சேரும் என்றும் மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

எதற்கும் மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவள் ஒளித்த குழந்தை மாவு பூசிக்கொண்டு உள்ளேயே கிடந்தது.

அப்படியானால் இது வேறு. உளிவேலை கணவனுடையது. கண் எழுதிய தூரிகை மகளுடையது. பிணையாக வாங்கிய பொருளைப் பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எந்தப் புனிதர் வேலை செய்வார்?

பட்டறைக்குப் போனாள். அப்பனும் மகளும் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருவரிடமும் அவள் இதுவரை கண்டிராத சுறுசுறுப்பு.

“கல்யாணம் வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானடி?”

“எத்தனை தடவை சொன்னேம்மா. நீ அந்தோணியார்கிட்டதான் பேசிட்டிருந்த.”

கணவன் இருமினான். அவன் எப்போதும் அந்த அளவுக்குத்தான் தைரியசாலி.

அதற்குள் கடையில் ஆள் குரல் கேட்டது. ஓர் அம்மா, பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளுடைய பெண். அந்தோணியாரை வைத்தால் கல்யாணம் கூடிவருமா என்று அம்மா கேட்டாள்.

கடைக்காரி அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் அந்தோணியாரையும் மாவு டப்பாவையும் எடுத்துவந்தாள். டப்பாவுக்குள் கைவிட்டு, குழந்தையை எடுத்து மாவைத் தட்டிவிட்டு, சுரூபத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“இதுக்கு ரெண்டு குழந்தை, அக்கா. ஒண்ண நீங்க ஒளிச்சு வைங்க. இன்னொண்ண ஒங்க பொண்ணுகிட்டக் குடுத்துடுங்க.”