ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

“அந்த ஆயாம்மாவை வேலையை விட்டு நிறுத்துங்க. இல்லேன்னா அப்பாவை வேற இல்லத்துல சேர்த்துடுவேன்.”

மகள் கையிலிருந்த புகார்க் கடிதத்தை ஆட்டினாள்.

“அப்படி என்னம்மா பண்ணிட்டாங்க?” என்றார் முதியோர் இல்ல மேலாளர்.

“தினமும் மத்தியானம் அப்பாகூட சண்டை. கேட் வரைக்கும் கேக்குதாம். அம்மா போனதுலேருந்து பேச்சும் இல்லாம, சாப்பாடும் இல்லாம கிடக்கிற மனுஷன். அவர்கிட்ட போய் மல்லுக்கட்டுறாங்க!”

மணி பன்னிரண்டரை. “வாங்க, நேர்லயே பார்த்துடுவோம்” என்று எழுந்தார் மேலாளர்.

இருவரும் ஆறாம் அறை வாசலில் ஒதுங்கி நின்றார்கள்.

உள்ளே அப்பா. முப்பத்தோரு வருஷம் ஆங்கில அகராதிக்கு அச்சுப்பிழை திருத்தியவர். ஒரு புள்ளி தவறினாலும் பொறுக்க மாட்டார். எதிரே, தட்டும் ஸ்பூனுமாக ஆயாம்மா.

“வாசல் போர்டுல ‘கேர்’னு எழுதியிருக்கே, அதுவும் டாக்டர் சொல்ற ‘க்யூர்’ரும் அக்கா தங்கச்சிதான் ஐயா.”

அப்பா விருட்டென்று நிமிர்ந்தார். “யார் சொன்னது? ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! க்யூர் லத்தீன்லேருந்து...”

ஒரு ஸ்பூன் உள்ளே போனது.

“கேர் பழைய இங்கிலீஷ்! முதல்ல அதுக்கு அர்த்தம் துக்கம், புலம்பல்!”

இரண்டாவது ஸ்பூன்.

“அப்புறம் கவலை. கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் கடைசியில கவனிச்சுக்கறதுன்னு ஆச்சு. நேத்தே சொன்னேனே!”

“துக்கம் எப்படிய்யா கவனிப்பு ஆகும்? காதுல பூ சுத்தாதீங்க.”

“உன் மண்டையில என்ன, களிமண்ணா?”

கத்த வாயைத் திறந்தபோதெல்லாம் ஒரு ஸ்பூன். மகள் எண்ணினாள்: பத்தொன்பது. தட்டு காலி.

சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார் ஆயாம்மா. இவர்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“பதினேழு நாளா இதேதான்மா. பாடம் எனக்குத் தலைகீழாத் தெரியும். தப்பா சொன்னாத்தானே வாயைத் திறக்கிறாரு!”

மகள் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். உள்ளே போய் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, பாவம், அவங்களைத் திட்டாதீங்க. உங்களைச் சாப்பிட வைக்கத்தான் வேணும்னே தப்பா சொல்றாங்க.”

“ஷ்! மெல்லப் பேசு.” அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். “ரெண்டாம் நாளே தெரியும். அவ புருஷன் போய் நாலு மாசம்தான் ஆகுது. நாள் முழுக்க அவ சிரிக்கிறது இந்த ஒரு சண்டையிலதான். அதுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்துறேன். போட்டுக் கொடுத்துடாதே!”