புதுத்தண்ணீரில் போன விண்ணப்பம்

வேம்புவின் டாக்டர் படிப்பு விண்ணப்பத்தை வாய்க்காலில் விட்டவள் அவளைப் பெற்ற காளியம்மாள்தான். தெருவே நின்று பார்த்தது.

அன்று காலையில்தான் புதுத்தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த வாய்க்காலை நனைத்துக்கொண்டு, நுரையும் சருகுமாக, தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக வந்தது.

பெண்கள் வழக்கம்போல வாழையிலையில் பூவும் மஞ்சளும் நெல்லும் வைத்து, தண்ணீரில் விட எடுத்து வந்தார்கள்.

வேம்புவின் அப்பா கண்ணுசாமி தன் மனைவியின் தட்டில், இலைக்குப் பக்கத்தில், மகளின் விண்ணப்பக் கவரையும் வைத்தார்.

"தண்ணிக்குக் காட்டிட்டுக் கொடு. பத்து மணி பஸ்ஸுக்குத் தஞ்சாவூர் போகணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"டாக்டரம்மா, என் நாக்கைக் கொஞ்சம் பாருங்க!" என்று நாக்கை நீட்டினாள் பக்கத்து வீட்டு ராசம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவை ஒட்டி நின்ற வேம்பு சிரிக்கவில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காளியம்மாள் தட்டைச் சாய்த்தாள். இலை போனது. இலையோடு கவரும் போனது.

எதிர்வீட்டுச் செல்லதுரை வேட்டியோடு குதித்தார். அதற்குள் கவர் மதகுக்குள் நுழைந்துவிட்டது.

"அஞ்சாங்கிளாஸோட நின்னவ கையில கொடுத்தா இப்படித்தான்!" என்றார் சொட்டச் சொட்ட.

"ஏன்டி காளி, பூ எது, காகிதம் எதுன்னுகூடவா தெரியல?" என்றாள் ராசம்மாள்.

கண்ணுசாமி கத்தவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குத்தகை நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தப்ப மிராசு கேட்டாரு, 'நிலம் கிடைச்சா உன் மவ டாக்டராயிடுவாளா'ன்னு. 'ஆவா, பாருங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அவரு வீட்டைத் தாண்டி எப்படிப் போவேன்?"

"கை தவறிடுச்சு" என்றாள் காளியம்மாள்.

மதியத்துக்கு மேல் அவள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். தவளைகள் எங்கிருந்தோ கத்த ஆரம்பித்திருந்தன. வரப்பில் வேம்பு வந்து நின்றாள்.

"சாப்பிட்டியா?"

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காளியம்மாள் மகளைப் பார்த்தாள்.

"அம்மா, உன் கை தவறல. கவரை இலைக்கு அடியில தள்ளினது நான்தான். எல்லாரும் உன்னைத் திட்டுறாங்க. அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு. இன்னைக்கு வேண்டாம். அவருக்கு முதல்ல தூக்கம் வரட்டும்."

தண்ணீர் பாத்தி பாத்தியாக நிரம்பியது. காளியம்மாள் அடுத்த பாத்திக்கு மடை வெட்டிவிட்டாள்.

"கும்பகோணத்துல கணக்குப் படிக்கணும்னு ஒரு ஃபாரம் எழுதி வச்சிருக்கியே, அதுக்கு என்னைக்குக் கடைசி நாள்?"

வேம்புவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வெள்ளிக்கிழமை. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தூக்கத்துல நீ என்னென்னவோ உளறுற. கணக்கு சொல்றப்ப மட்டுந்தான் சிரிக்கிற. அப்புறந்தான் உன் பையைப் பார்த்தேன்."

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வருவோம்."

"நீ வர்றேன்னா அப்பா விடமாட்டாரும்மா. இனிமே உன் கையில ஒரு காகிதமும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. என்னாலதான் உனக்கு இந்தக் கெட்ட பேரு. நீ இலையை மட்டுந்தான் விடுறதா நினைச்சே…"

"யாரு சொன்னா? இலைக்கு அடியில உன் விரல் போனதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான்டி தட்டைச் சாய்ச்சேன்."