எதிர்க்கரையில் குப்பண்ணன்

"சுடுங்கண்ணா! ஆத்துக்கு நடுவுல மூணு டாங்கியும் மெதக்குது. இப்பச் சுடாம வேற எப்பச் சுடுவீங்க?"

ரத்தினசாமி மணலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எதிரே சம்மணமிட்டிருந்த மாட்டுத் தரகர் குப்பண்ணன், தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாரே தவிர, போடவில்லை.

"இருக்கட்டுமுங்க. கரையேறி வரட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"கரையேறிட்டா எம்பட டாங்கி உங்களைச் சும்மா உடுமா?"

"உடாதுங்க" என்றார் குப்பண்ணன், ஏதோ நல்ல சேதி கேட்டவர்போல.

வேலந்தாவளத்தில் சந்தை கூடுகிற நாளெல்லாம், சந்தை கலைந்ததும் ரத்தினசாமியின் வீட்டு வாசலில் இந்தச் சண்டை மூளும். ஈர மணலைப் பரப்பி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினால் ஆறு. எதிர்க்கரையில் வரிசையாக நிற்கும் கொட்டைப்பாக்குகள் எதிரியின் பீரங்கிகள். மூன்று தீப்பெட்டிகள், ரஷ்யாக்காரன் செய்த பி.டி.76 டாங்கிகள். தரையிலும் ஓடும், தண்ணீரில் இறக்கினால் படகாட்டம் நீந்தும். ஆற்றில் இருக்கும்போது எதிரி கட்டையை உருட்டிச் சுட்டு, தாயம் விழுந்தால் ஒரு வண்டி முழுகும்.

பட்டாளத்தில் அந்த வண்டியைத்தான் ரத்தினசாமி ஓட்டினார். பங்களாதேஷ் சண்டை வருவதற்கு முந்தின வருஷமே பென்ஷனில் அனுப்பிவிட்டார்கள். தன் வண்டிகள் போன சண்டைக்குத் தான் போகவில்லையே என்ற குறை அவருக்குத் தீரவே இல்லை. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் மனைவி காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. வாரம் முழுக்க வாய் திறக்காமல் கிடந்துவிட்டு, சந்தை நாளில் குப்பண்ணன் தலை தெரிந்ததும் அத்தனை பேச்சையும் கொட்டித் தீர்ப்பார் மனுஷன்.

குப்பண்ணன் தன் வீட்டுக் கதை பேசுகிறவர் இல்லை. டாங்கியைப் பற்றி மட்டும் துருவித் துருவிக் கேட்பார்.

"முன்னால பலகையைத் தூக்கி நிறுத்தியாச்சுங்களா?" என்றார் இப்போதும்.

"அதெல்லாம் நிறுத்தியாச்சு. இல்லாட்டி தண்ணியில எறங்கினதுமே மூஞ்சி குப்புற முழுகிப்போகுமல்லோ! எதிரிக்கு எதுக்குங்கண்ணா அந்த விசாரம்?"

"சும்மா கேட்டனுங்க. இரும்பு நெம்பக் கனமுங்களா?"

"கனமா இருந்தா எங்கே மெதக்கறது? தகரமாட்டந்தான். பெரிய குண்டு பட்டா அவ்வளவுதான்."

குப்பண்ணன் ஒரு தீப்பெட்டியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

ரத்தினசாமிக்கு எரிச்சல் வந்தது. சும்மாவா தோற்பான் ஒரு தரகன்? கொட்டகையில் காங்கேயம் காளை ஒன்று நிற்கிறது. தரகன் விட்டுக்கொடுக்கிறான் என்றால் மாட்டில் கண் வைத்துவிட்டான் என்று சந்தையில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அது தெரிந்துதான் ரத்தினசாமி, உழ நிலமில்லாமலும் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். காளையை விற்றுவிட்டால் அப்புறம் குப்பண்ணன் இந்த வாசலை எதற்கு மிதிக்கப்போகிறார்? அந்தப் பயம் அவருக்கு நிறையவே இருந்தது. ஆனால் இப்படிப் பொம்மையோடு ஆடுவதற்குத் தனியாகவே ஆடிவிடலாமே!

"ஆட்டம்னா ஆட்டமாட்டம் இருக்கோணுங்கண்ணா" என்றார். "டீக்கடை செபாஸ்டினைக் கேட்டிருக்கறேன். அடுத்த சந்தைக்கு வர்றேன்னுட்டாரு. எதிர்க்கரையில அவரு உக்காரட்டும். சுடறதுக்குக் கை கூசாத ஆளு. நீங்க இக்கட்டால எம்பட பக்கத்துல வந்து உக்காருங்க."

குப்பண்ணனின் முகம் செத்துப்போனது. தாயக்கட்டை கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

"செபாஸ்டினெல்லாம் வேண்டாமுங்க. அக்கட்டால நானே இருந்துக்கறனுங்க."

"இருந்து என்னத்தைக் கண்டீங்க? ஒருக்காலாச்சும் சுட்டிருப்பீங்களா?"

"தோத்துத் தோத்துத்தான் உங்களுக்குச் சந்தோசமாச்சே, பட்டாளத்தாரே. வேத்தாளை ஏனுங்க கூப்பிடறீங்க?" குரல் கெஞ்சியது.

ரத்தினசாமிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய்க் காளையை அவிழ்த்து, இழுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தாங்க, புடியுங்க கயித்தை! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இதுக்குத்தானே இத்தனை நாளா ஆட்டத்துல உட்டுக்குடுத்தீங்க? ஓட்டிட்டுப் போங்க. மாடு போனாப் போயிட்டுப் போகுது. ஆனா ஒண்ணு, வாராவாரம் நீங்க வரோணும். இந்த ஊட்டுல மனுசச் சத்தம் கேக்கறதே நீங்க வர்ற அன்னிக்குத்தானுங்கண்ணா."

குப்பண்ணன் காளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, தீப்பெட்டிகள் மூன்றையும் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டார்.

"எனக்கெதுக்குங்க காளை? எதிர்க்கரையில மட்டும் என்னையே உக்கார உடுங்க."

"அட, ஏனுங்கண்ணா அப்படியொரு பிடிவாதம்?"

"அந்தப் பங்களாதேஷ் சண்டையில, டாங்கியில ஆத்தைத் தாண்டறப்பத்தானுங்க எம்பையன் போனான். எந்த வண்டியில இருந்தான்னு தந்தியில போடலீங்க. இங்கே வேற ஆளு வந்து உக்காந்தா, சுட்டுப்போடுவாங்கல்லங்க?"